அசைந்தால் ஏலம்

எங்கள் பக்கத்தில் ஏலம் விடுகிறவரை எல்லோரும் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்காகப் பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. வெர்ஜில் லீமன் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடச் சுட்டது கிடையாது. ஆனால் வைக்கோல் வண்டிமேல் ஏறி நின்று தொண்டையைத் திறந்தாரென்றால் மூன்றாவது வீட்டு நாய் எழுந்து உட்காரும். ஓஹாயோவில் எங்கள் மாவட்டத்துக்கு நாற்பது வருஷம் அவர்தான் கர்னல். அவருக்குப் பிறகு நான். என்னை யாரும் கர்னல் என்று கூப்பிடுவதில்லை, ட்வைலா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. இருக்கட்டும், இது அந்தக் கதை இல்லை.

கர்னலிடம் ஒரு சட்டம் இருந்தது. அசைந்தால் ஏலம். ஏலம் கேட்க வருகிறவர்களுக்கு முதலிலேயே ஆளுக்கொரு நம்பர் அட்டை கொடுப்போம். ஆனால் விவரம் தெரிந்த ஆள் எவனும் கையைத் தூக்கிக் கத்தி ஏலம் கேட்கமாட்டான். ஒருத்தன் புருவத்தை ஏற்றுவான், ஒருத்தன் பென்சிலை வாயிலிருந்து எடுப்பான், ஒருத்தி கைப்பையை மடியில் ஒரு தட்டு தட்டுவாள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது, ஏலக்காரனுக்குத் தெரியும். அதனால் ஏலம் முடிந்தபிறகு "நான் சும்மாதான் அசைஞ்சேன்" என்று எவனாவது நழுவப் பார்த்தால் கர்னல் விடவே மாட்டார்.

ஓரி யோஸ்ட்டைக் கேட்டால் தெரியும். கல்யாணமான புதிதில் அவர் ஏலத்துக்கு வந்தது ஒரு மண்வெட்டி வாங்க. கழுத்தில் உட்கார்ந்த குளவியை ஒரு விரட்டு விரட்டினார். அந்த நேரம் பார்த்து வண்டியில் இருந்தது தேவாலயத்துப் பழைய ஆர்கன். காலால் மிதித்து வாசிக்கிற ரகம், கன்றுக்குட்டி எடை. "வித்தாச்சு, யோஸ்ட்டுக்கு!" என்றார் கர்னல். ஓரி கெஞ்சினார், குளவி கொட்டிய வீக்கத்தைக் காட்டினார். "குளவிக்கு நம்பர் அட்டை இல்ல தம்பி, உனக்கு இருக்கு" என்று முடித்துவிட்டார் கர்னல். பன்றி ஏற்றுகிற வண்டியில் ஆர்கன் வீடு போய்ச் சேர்ந்தது. ஓரியின் மனைவி ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அதையே வாசிக்கக் கற்றுக்கொண்டாள். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டைக் கடந்து போனால் கேட்கலாம், சுமாராகத்தான் வாசிப்பாள்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டுச் சாமானையே போன அக்டோபரில் நான் ஏலம் விடவேண்டியதாகிப் போனது.

அவர் மனைவி ஆர்டித் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வசந்தத்தில் கர்னல் நிலவறைப் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். மினியாப்பொலிஸிலிருந்து மகள் மார்லிஸ் வந்து, ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் ஒரு அறை பிடித்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு அலமாரி, அவ்வளவுதான் கொள்ளும். மற்றதெல்லாம் ஏலத்துக்கு. மார்லிஸை நான் குறை சொல்லமாட்டேன். சிறு வயதிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். அப்பா மறுபடி விழுந்துவிடுவாரோ என்ற பயத்தில் இளைத்துப் போயிருந்தாள்.

சாமான்களைப் பிரித்து அடுக்கும் வேலையில் நான் ஒரு வாரம் அந்த வீட்டிலேயே கிடந்தேன். கர்னல் ஜன்னலோரம் உட்கார்ந்து எதைக் கேட்டாலும் "வித்துடு" என்பார். ஓட்ஸ் பெட்டிக்குள் இனாமாக வைத்துக் கொடுத்த பச்சைக் கண்ணாடித் தட்டுகள் வரிசையாக இருந்தன. பஞ்சகாலத்தில் இனாமாக வந்ததற்கு இன்றைக்கு ஊர் விட்டு ஊர் வந்து அடித்துக்கொள்கிறார்கள். "வித்துடு." ஆர்டித்தின் அம்மா மாவுச் சாக்குத் துணியில் தைத்த ஒட்டுப்போர்வை. அந்தக் காலத்து மாவு வியாபாரிகள் கெட்டிக்காரர்கள், பெண்கள் பூப்போட்ட சாக்காகப் பார்த்து வாங்குகிறார்கள் என்று தெரிந்ததும் சாக்கிலேயே பூ அச்சடித்தார்கள். ஒரே பூவில் கவுன் தைக்க மூன்று சாக்கு வேண்டும், ஆகவே மூன்று சாக்கு மாவு. "வித்துடு." நீலக்கோடு போட்ட ஊறுகாய் ஜாடிகளும், ஆர்டித் ரொட்டிமாவு பிசைந்து பிசைந்து நடுவில் குழிவிழுந்த மரத்தட்டும் போயின. "வித்துடு, வித்துடு."

முன்னறையில் விரித்திருந்த பின்னல் விரிப்பைக் காட்டியபோது மட்டும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதான் ஏல நோட்டீஸ்ல போட்டாச்சே" என்றார்.

அந்த விரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். கிழிந்துபோன கம்பளிக் கோட்டுகளை நாடா நாடாவாகக் கிழித்து, மூன்று புரியாகச் சடை பின்னி, அந்தச் சடையைச் சுற்றிச் சுற்றித் தைத்துக்கொண்டே போவது. ஆர்டித் கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஆரம்பித்தாள். நடுவில் இருக்கும் சிவப்பு, அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன கோட்டு. அதைச் சுற்றிய பழுப்பு, கர்னலின் கல்யாண சூட்டு. ஒவ்வொரு குளிருக்கும் ஒரு சுற்று. அந்த வருஷம் வீட்டில் எது கிழிந்ததோ அது உள்ளே போகும். பாதிக்குமேல் ஒரு அரக்குச் சிவப்புச் சுற்று வரும். நானும் மார்லிஸும் பள்ளி பேண்டு வாத்தியத்தில் போட்டிருந்த கோட்டுகள் அவை. அவள் குழல், நான் டிரம். என் கோட்டை என் அம்மா குப்பையில் போடப் போனாள். ஆர்டித் கை நீட்டி வாங்கிக்கொண்டாள். அவள் எதையும் வீணாக்கமாட்டாள், மனிதர்களையும்தான்.

கடைசிச் சுற்று முடியவில்லை. நீலச் சடை பாதி தூரம் தைத்து, மீதி ஒரு முழம் வால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நீலம் எனக்கு நன்றாகத் தெரியும். கர்னலின் எல்லா ஏலத்திலும் தேவாலயத்துப் பெண்களோடு ஆர்டித், மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுட்ட ஆப்பிள் பை விற்பாள். அப்போது அவள் போட்டிருப்பது இந்த நீலக் கோட்டு. நடுவில் வைத்த பள்ளிக்கூடக் கோட்டுக்குப் பிறகு அத்தனை வருஷமும் மற்றவர்கள் துணியாகப் பார்த்துப் பின்னியவள், கடைசியில்தான் மறுபடி தன் கோட்டை எடுத்துக் கத்தரித்திருக்கிறாள். இதுதான் தன் கடைசிக் குளிர்காலம் என்று தெரிந்தேதான் செய்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஏலத்துக்கு முதல் நாள் சரக்கைப் பார்வையிட ஆட்கள் வருவார்கள். கொலம்பஸிலிருந்து ராய்ஸ் கிம்பல் வந்தான். பழம்பொருள் வியாபாரி. நல்ல மேல்சட்டை, மெல்லிய விரல், பேச்சில் வெண்ணெய். இந்த மாதிரி ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் என் பிழைப்பு ஓடாது. நேராக விரிப்பிடம் போய் முழங்காலிட்டான். ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கத் தையலைப் பார்த்தான். யாரும் பார்க்காத இடத்தில்தான் கைவேலையின் யோக்கியதை தெரியும், அதை அவன் அறிந்திருந்தான்.

"கை சும்மா விளையாடியிருக்கு. யார் பின்னினது?" என்றான்.

"என் வீட்டுக்காரி" என்றார் கர்னல் ஜன்னலோரத்திலிருந்து.

"இந்த வாலை மட்டும் வெட்டி மடிச்சுத் தைச்சுட்டா போதும் சார். என்கிட்ட வாங்குறவங்க இதைத் தரையில போடமாட்டாங்க. சுவத்துல மாட்டுவாங்க, படம் மாட்டுற மாதிரி."

கர்னல் அவனை மேலும் கீழும் பார்த்தார். "விரிப்பைச் சுவத்துல மாட்டுறவன் நாளைக்குச் செருப்பையும் மாட்டுவான்."

கிம்பல் சிரித்துக்கொண்டே எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். போகும்போது மட்டும் வாசலில் என்னிடம் மெதுவாக, "இதுக்காகத்தாங்க வந்தேன். நோட்டீஸ்ல பார்த்ததிலேர்ந்து தூக்கமில்ல" என்றான்.

அவன் கார் போனதும் நான் நாற்காலியை இழுத்துக் கர்னலுக்கு எதிரில் போட்டுக்கொண்டேன். மார்லிஸ் சமையலறையில் பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கர்னல், ஒரு வார்த்தை சொல்லுங்க. விரிப்பை எடுத்துடறேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு என்னையே கேக்குறீங்களா?"

"நோட்டீஸ்ல அச்சடிச்சுட்ட பிறகு எடுத்தா அது ஏமாத்து வேலை. அந்தப் பையன் கொலம்பஸ்லேர்ந்து வரான். வந்து பார்த்தா சரக்கு இல்ல. நான் எத்தனை விதவைங்ககிட்ட இதைச் சொல்லியிருப்பேன்? 'அம்மா, ஏலத்துக்கு வச்சாச்சுன்னா வச்சதுதான்'னு. இப்ப என் வீடுன்னதும் மாத்திக்கவா?"

"அப்ப நம்பர் அட்டை வாங்கி நீங்களே கேளுங்க."

"வீட்டுக்காரனே கேட்டா விலை ஏத்தறான்னு சொல்லுவாங்க. நீ ஏலக்காரியா, இல்ல புதுசா பள்ளிக்கூடம் போற பொண்ணா?"

சமையலறையிலிருந்து மார்லிஸ் குரல் கொடுத்தாள். "ட்வைலா, நீ அவரைக் கிளப்பாதே. அந்த இல்லத்துல தரையில விரிப்புப் போடவே விடமாட்டாங்க. தடுக்கி விழுவாங்களாம். கையெழுத்து வாங்கியிருக்காங்க. எடுத்துட்டுப் போய் எங்க வைக்கிறது? என் வீட்லயும் இடமில்லடி."

"கேட்டியா?" என்றார் கர்னல். "இடமில்ல. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று வாய் சொன்னது. கால் என்ன செய்தது தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்தபடியே செருப்பை உருவிவிட்டு, காலுறை போட்ட பாதத்தை விரிப்பின் ஓரத்தில், அந்த நீலச் சடைமேல், பூனையைத் தடவுகிற மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஊருக்கே சட்டம் போட்டவர் தன் சட்டத்திலேயே மாட்டிக்கொண்டு மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார். வாய் திறந்து 'எனக்கு வேண்டும்' என்ற இரண்டு வார்த்தை சொன்னால் மலையா சாய்ந்துவிடும்? கிழவரை ஒரு உலுக்கு உலுக்கலாம்போல இருந்தது. உலுக்கவில்லை, இடுப்பு உடைந்தவர்.

மறுநாள் நல்ல குளிர், வானம் தெளிவாக இருந்தது. புல்வெளியில் மேசை போட்டுச் சாமானெல்லாம் பரப்பியிருந்தோம். சுற்றுவட்டாரமே வந்துவிட்டது. தேவாலயத்துப் பெண்கள் ஆப்பிள் பை விற்றார்கள். ஆர்டித் நிற்கும் இடத்தில் யாரும் நிற்கவில்லை, அந்த ஓரத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். கர்னலுக்கு முன்வரிசையில் மடக்கு நாற்காலி. தொப்பியை அழுத்தி மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் கர்னல், குளிருதா?" என்று கேட்டார் பின்னால் உட்கார்ந்திருந்த ஓரி யோஸ்ட்.

"கை தப்பித்தவறி அசைஞ்சுடக் கூடாது பாரு."

"அது நல்ல யோசனை. முப்பது வருஷம் முன்னாடி எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரல."

நான் வண்டிமேல் ஏறினேன். ஏலத்தின் நிபந்தனைகளை முதலில் உரக்கப் படிக்கவேண்டும். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சரக்கை எடுக்கலாம், உடைந்தது உடைந்தபடியே என்று வழக்கமானதை எல்லாம் படித்தேன். கடைசியில் மூச்சு விடாமல் இன்னொன்றும் சேர்த்தேன்: "குடும்பத்தாரும் ஏலம் கேட்கலாம்." முன்கூட்டியே எல்லோருக்கும் அறிவித்துவிட்டால் அதில் ஒரு தவறும் இல்லை. கர்னல் தன் காலத்தில் ஒருநாளும் அதை அறிவித்ததில்லை. தொப்பிக்கு அடியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பார்வையால் சுட முடியுமென்றால் அன்றைக்குத்தான் அவர் முதல்முறையாகச் சுட்டிருப்பார்.

காலை முழுக்க ஏலம் நன்றாகப் போனது. பச்சைத் தட்டுகளுக்கு இரண்டு பெண்கள் மல்லுக்கட்டினார்கள். குழிவிழுந்த ரொட்டித்தட்டைப் புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாங்கியது. அந்தப் பெண் பணம் கொடுப்பதற்கு முன்பே குழியில் கையை வைத்துப் பார்த்தாள், கை சரியாக உட்கார்ந்தது. இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே அதுதான். கடையில் புதுத் தட்டுக்கா பஞ்சம்? இன்னொருத்தி கை தேய்த்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்க்கவேண்டும் என்று மனுஷருக்கு ஒரு ஆசை இருக்கிறது. அதற்குத்தான் குளிரில் வந்து நிற்கிறார்கள். கர்னல் அசையவே இல்லை. மூக்கு ஒழுகியபோதுகூடத் துடைக்கவில்லை, மார்லிஸ்தான் துடைத்துவிட்டாள்.

மதியத்துக்கு முன் விரிப்பு வந்தது. நான்கு பேர் நான்கு பக்கம் பிடித்துத் தூக்கிக் காட்டினார்கள். வெயில் பட்டதும் நடுவில் இருந்த சிவப்பு எழும்பி நின்றது. நீல வால் காற்றில் லேசாக ஆடியது. ஆப்பிள் பை விற்கிற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அங்கே இருந்த பாதிப்பேருக்கு அந்த விரிப்பில் ஏதோ ஒரு சுற்றில் தங்கள் கோட்டுத் துண்டு உண்டு.

"பின்னல் விரிப்பு. ஆர்டித் லீமன் கைவேலை" என்றேன். "யார் ஆரம்பிக்கிறது?"

கிம்பலின் அட்டை உயர்ந்தது. ஐநூறு டாலர். ஊர்க்காரர்கள் எல்லோரும் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள். குடும்பம் கேட்கும் என்று காத்திருந்தார்கள். குடும்பம் கேட்கவில்லை. மார்லிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஐநூறு. ஐநூத்தம்பது யாராவது? ஐநூறு, ஒரு தரம்."

நான் முடிந்தவரை இழுத்தேன். நாற்பது ஏலத்துக்குத் தேவையான இழுப்பை அந்த ஒன்றில் இழுத்திருப்பேன். கர்னல் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவப்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தது.

"ஐநூறு, ரெண்டு தரம்."

அப்போதுதான் அவர் வலது கை தொடைக்கடியிலிருந்து வெளியே வந்தது. மெதுவாகத் தலைக்குப் போனது. தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். சவ ஊர்வலம் தெருவில் போகும்போது எங்கள் ஊர் ஆண்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆர்டித் இரண்டாம் முறை வீட்டை விட்டுப் போகிறாள், அதற்கு எழுந்து நிற்க முடியாதவர் செய்த மரியாதை அது. எனக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும்.

"ஐநூத்தம்பது!" என்று கத்தினேன். "கர்னல் லீமன், ஐநூத்தம்பது!"

கர்னல் விழித்துக்கொண்டார். "என்ன? நான் கேக்கல. தொப்பியத்தான் கழட்டினேன்."

"அசைஞ்சீங்க, கர்னல்."

"ட்வைலா, விளையாடாதே. நான் மரியாதைக்கு..."

பின்னாலிருந்து ஓரி யோஸ்ட் எழுந்தார். முழங்கால் வலிக்காரர், எழுந்திருக்கவே நேரமாகும். எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "கர்னல், நான் குளவிய விரட்டினேன். ஆர்கன் வாங்கினேன். பன்னி வண்டியில ஏத்திட்டுப் போனேன். இன்னிக்கு வரைக்கும் ஞாயித்துக்கிழமைன்னா என் காதைப் பொத்திக்கிறேன். நீங்க தொப்பிய எடுத்திருக்கீங்க. நம்பர் அட்டை என்னோடத வேணா எடுத்துக்குங்க."

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கிம்பல் நிற்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு இது வியாபாரம். இதற்காகத் தூங்காமல் கிடந்து வந்தவன். அவன் இன்னொரு ஐம்பது ஏற்றினால் என் கணக்கெல்லாம் மண்ணாகிவிடும், இன்னொரு தரம் கழற்ற கர்னலிடம் தொப்பி இல்லை.

அவன் அட்டை உயர்ந்தது. தோளுக்குமேல் போய்விட்டது. சிரிப்பெல்லாம் நின்றது. அவன் கர்னலைப் பார்த்தான், மார்பில் இருந்த தொப்பியைப் பார்த்தான். மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்தான். அட்டையால் முகத்துக்கு முன்னே இரண்டு வீசு வீசிவிட்டுக் கீழே இறக்கினான்.

"மன்னிக்கணும். ஈ" என்றான்.

கர்னல் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆயுசு முழுக்க ஏலக்காரராக இருந்தவருக்கு அது பொறுக்கவில்லை. "அது ஏலம், ட்வைலா! அவன் கை அசைஞ்சது. ஆறுநூறு அவனோடது."

"என் கண்ணுக்கு அது ஈ."

"அக்டோபர்ல ஏதுடி ஈ? இந்தக் குளிர்ல?"

"ஓஹாயோ ஈ. தாங்கும்."

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்!"

"வண்டிமேல நிக்கிறது நானு. நீங்க கீழ உட்கார்ந்திருக்கீங்க. மேல நிக்கிறவங்க கண்ணுக்கு எது தெரியுதோ அதுதான் ஏலம்னு சொன்னது நீங்கதான்."

ஓரி யோஸ்ட்டுக்குத்தான் பெரிய வயிற்றெரிச்சல். "அடப்பாவி, ஈன்னு சொன்னா விட்டுடுவாங்களா? இது முன்னாடியே தெரியாம போச்சே" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார்.

"ஐநூத்தம்பது, மூணு தரம்" என்று சொல்லிக் கைத்தடியால் வண்டிப் பலகையில் ஓங்கித் தட்டினேன். அது கர்னல் எனக்குக் கொடுத்த தடி. "வித்தாச்சு. கர்னல் லீமனுக்கு."

அவர் தொப்பியை மறுபடி மாட்டவும் மறந்துவிட்டார். நான்கு பேரும் விரிப்பைக் கொண்டுவந்து அவர் மடியிலும் முழங்காலிலுமாகப் போட்டார்கள். பாரத்தில் நாற்காலி முனகியது. அதன் அடியில் அவர் கை எதையோ தேடியது. நீல வாலைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தியது. நான் அடுத்த சரக்குக்குப் போனேன். என்ன விற்றேன், யாருக்கு விற்றேன் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை.

கூட்டம் கலைந்தபின் மார்லிஸ் அப்பாவிடம் வந்து மண்டியிட்டாள். அழுதிருந்தாள். "அப்பா, வேணும்னா வேணும்னு சொல்லியிருக்கலாமே. நான் என்ன ராட்சசியா?"

"நான் எங்க வாங்கினேன்? அவதான் தலையில கட்டிட்டா."

"அங்க தரையில போடவிடமாட்டாங்கப்பா. அதுக்கு என்ன பண்றது?"

"தெரியல" என்றார். இரண்டு கையாலும் விரிப்பைப் பிடித்துக்கொண்டு, "தெரியலம்மா. ஆனா விடமாட்டேன்" என்றார். 'எனக்கு வேண்டும்' என்பது கடைசியில் வேறு ரூபத்தில் வாயில் வந்தே விட்டது.

காரில் ஏறப் போன கிம்பல் திரும்பி வந்தான். மேல்சட்டைப் பையில் கைவிட்டுக்கொண்டு கொஞ்சம் கூச்சமாக நின்றான். "சார், தரையில வேணாம்னு சொன்னா சுவர் இருக்கே. பின்பக்கம் கெட்டித்துணியில ஒரு உறை தைச்சு, அதுக்குள்ள மரச்சட்டம் விட்டா கனம் பரவலா உட்காரும், தையல் இழுக்காது. என்கிட்ட சட்டம் இருக்கு. நானே வந்து மாட்டித் தரேன்."

கர்னல் அவனை ரொம்பநேரம் பார்த்தார். "வாலை வெட்டுவியா?"

"வெட்டமாட்டேன் சார்."

"அப்ப என் செருப்பு மாட்டவும் ஒரு ஆணி கொண்டா" என்றார்.

நவம்பரில் கிம்பல் சொன்னபடி வந்தான். உறையை அவனே தன் கையால் தைத்துக்கொண்டு வந்திருந்தான், அதன் அடிப்பக்கத்தை நான் புரட்டிப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை. அவனைப் பற்றி நான் சொன்னதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். ஓரி ஏணியைப் பிடித்தார். கட்டிலுக்கு எதிர்ச்சுவர் முழுவதையும் விரிப்பு அடைத்துக்கொண்டது. நீல வால் தொங்கி நாற்காலிக் கைக்கு எட்டியது. பக்கத்திலேயே ஒரு சின்ன ஆணி. அதில் கர்னல் தன் பழைய செருப்பு ஒன்றைக் கயிறு கட்டி மாட்டச் சொன்னார். சொன்ன சொல் தவறாத மனிதர்.

எல்லோரும் போனபிறகு நான் பாத்திரத்தில் கொண்டுபோன ஆப்பிள் பையை அறுத்து ஒரு துண்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் தின்னவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார்.

"இதுல பச்சை இருக்கே, ட்வைலா. இவ்வளவு பச்சை எங்கேர்ந்து வந்தது?"

"மார்லிஸ் பொறந்த வருஷத்துல பின்னினதா இருக்கும். உங்க வேட்டைக் கோட்டு. நீங்க எதையும் சுடலைன்னுட்டு எடுத்துக் கிழிச்சுட்டதா ஆர்டித்தே சொல்லியிருக்காங்க."

"எனக்குத் தெரியவே தெரியாது."

"அதுமேலதான் தினம் நடந்தீங்க."

"ஆமா. ஐம்பது வருஷம் அவ வேலையை மிதிச்சுக்கிட்டே நடந்திருக்கேன். குனிஞ்சு ஒரு தடவை பார்க்கல" என்றார் கர்னல். நீலச் சடையின் நுனியை எடுத்துத் தன் விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட தள்ளிப் போடும்மா. இன்னும் நிறைய பாக்க வேண்டியிருக்கு."